ஆளுக்கா, சைட்டுக்கா, வருஷத்துக்கா

"உங்ககிட்ட மொத்தம் எத்தனை பேர் வேலை செய்யறாங்க அக்கா?" என்று போனில் அந்தப் பெண் கேட்டாள்.

"என்னைக்கு?" என்று திருப்பிக் கேட்டாள் அக்கா.

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. கிண்டல் இல்லை, இந்தப் பதிலை ஏற்கெனவே பல பேரிடம் வாங்கியவளின் சிரிப்பு. கட்டட வேலை ஆட்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், எந்த சைட்டில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று போனிலேயே கணக்கெடுக்கிற ஒரு மென்பொருளை விற்கும் கம்பெனியிலிருந்து அவள் பேசினாள். விலை சொல்வதற்கு முன்னால் அவள் ஆட்களின் தலையை எண்ணியாக வேண்டும். கட்டட வேலையில் தலையை எண்ணுவது ஓடுகிற கோழிக்குஞ்சுகளை எண்ணுவது மாதிரி என்று அக்காவுக்குத்தான் தெரியும். கான்கிரீட் போடும் நாளில் சைட்டில் கால் வைக்க இடமிருக்காது. மறுநாள் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் போதும். மழை வந்தால் அந்த இரண்டு பேரும் இல்லை. கூலி கொடுத்த மறுநாள் பாதிப் பேருக்கு உடம்பு சரியிருக்காது. மீதிப் பேர் அவர்களைப் பார்த்துவிட்டு வரப் போயிருப்பார்கள்.

"சுமாரா சொல்லுங்க அக்கா."

"சுமாரா அறுபதுன்னு வெச்சுக்கோம்மா. அதுக்கு மேல போனா எங்களுக்குச் சந்தோஷம். கீழ போனா உங்களுக்கு வருத்தம்."

முகம் தெரியாத ஒருத்தி முதல் பேச்சிலேயே அக்கா என்று கூப்பிடுவதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் அவள் அக்காதான். நியாயமாக அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவர்கள் இரண்டே பேர், அவளுடைய இரண்டு தம்பிகள். அவர்களை அவள் பெரியவன், சின்னவன் என்றுதான் சொல்வாள். அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவர்கள் மனைவிமார் கூப்பிட்டார்கள், மேஸ்திரிகள் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த சிமெண்ட் லாரிக்காரர் கூப்பிட்டார். ஒருமுறை வங்கி மேலாளரே வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு அதை மேடம் என்று திருத்துவதற்குள் கையெழுத்துப் போடும் இடம் வந்துவிட்டது.

கட்டட ஒப்பந்த வேலை அப்பா ஆரம்பித்தது. அப்பாவுக்குப் பிறகு தம்பிகள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியாக நடத்தினார்கள். ஒரே கம்பெனி என்றாலும் இரண்டு பேருக்கும் கை வேறு. பெரியவன் ஒரு கட்டடத்தைப் பிடித்தால் அதிலேயே உட்கார்ந்துவிடுவான். அஸ்திவாரம் தோண்டுகிற அன்றைக்கு வைத்த நாற்காலியைச் சாவி கொடுக்கிற அன்றைக்குத்தான் எடுப்பான். இப்போது ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. ஒரே இடத்தில் நாற்பது பேர். சின்னவன் காலில் சக்கரம் கட்டியவன். ஒழுகுகிற கூரை, பெயர்ந்த தரை, கடைக்கு முகப்பு என்று எந்நேரமும் ஐந்தாறு இடங்களில் வேலை நடக்கும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. இரண்டு பேருடைய வரவுசெலவும் வீட்டின் முன்னறையில் போட்டிருந்த ஒரே மேஜைக்கு வந்து சேரும். மேஜைக்குப் பின்னால் அக்கா. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். அந்த வாரம் பார்த்துக் கணக்கெழுதுகிறவர் வேலையை விட்டு நின்றிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது; உட்கார்ந்தாள். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

இந்த மென்பொருள் விவகாரத்தைக் கொண்டுவந்தவன் சின்னவன். ஊர் முழுக்கக் கிளை வைத்திருக்கிற ஒரு துணிக்கடை முதலாளி, தன் கடைகளையெல்லாம் புதுப்பிக்கிற வேலையை அவனுக்குக் கொடுக்க இருந்தார். கூலி மணிக்கணக்கில்தான் தருவார். யார் எப்போது வந்தான், எப்போது போனான் என்று ஆதாரம் வேண்டும். பெரியவனும் தலையாட்டினான். அவன் சைட்டில் ஆள் வருகையை எழுதி, படமெடுத்து அனுப்புவது மேஸ்திரியின் பொறுப்பு. நண்டைச் சுட்டு நரியைக் காவல் வைத்த கதைதான். மேஸ்திரியின் மச்சான் ஊரில் இல்லாத நாட்களில்கூட வேலைக்கு வந்திருந்தான்.

"நீயே பாரு அக்கா. எது லாபமோ அதைச் சொல்லு" என்று பெரியவன் சொன்னான். வேறொரு சமயம் சின்னவனும் அதையே சொன்னான். யாருக்கு லாபம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

"எங்ககிட்ட மூணு விதமா விலை இருக்கு அக்கா" என்றாள் போன் பெண். "ஆள் கணக்குல எடுத்தீங்கன்னா, ஒரு ஆளுக்கு மாசம் எண்பது. எத்தனை சைட் வேணும்னாலும் வெச்சுக்கலாம். சைட் கணக்குன்னா, ஒரு சைட்டுக்கு மாசம் ஆயிரம். அதுல எத்தனை பேர் வேணும்னாலும் சேர்த்துக்கலாம். மூணாவது வருஷக் கணக்கு. இருபத்துநாலாயிரம் மொத்தமா கட்டிட்டா ஆளும் கிடையாது, சைட்டும் கிடையாது, நீங்க பாட்டுக்கு ஓட்டலாம். ஆனா நடுவுல நிறுத்தினா பணம் திரும்ப வராது."

அக்காவுக்கு இது பிடித்திருந்தது. வேலையிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். சாரத்துக்குக் கம்பியா மூங்கிலா, வாடகையா சொந்தமா என்று எத்தனையோ பார்த்திருக்கிறாள். விலை என்பது எப்போதும் ஒரு ஆளைப் பற்றிய யூகம் என்பது அவள் எண்ணம். ஆளுக்கு என்று விலை போடுகிறவன், நீ வளர்வாய் என்று நம்புகிறான். வருடத்துக்கு என்று போடுகிறவன், நீ பாதியில் மறந்துவிடுவாய் என்று நம்புகிறான். பழைய மாதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விலையையும் அவற்றின் மேல் போட்டுப் பார்த்தாள். மழை மாதம், கான்கிரீட் மாதம், ஒன்றுமே நடக்காத மாதம். ஆள் கணக்கு என்றால் சின்னவனுக்கு வெண்ணெய், பெரியவனுக்குச் சுண்ணாம்பு. சைட் கணக்கு என்றால் அப்படியே தலைகீழ். வருடக் கணக்கு இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாவற்றையும்விட மலிவு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேருக்குமே நஷ்டம். ஒரு நல்ல கணக்கு தன் விடையைத் தானே சொல்லிவிடும், இதுவும் சொன்னது. வருடக் கணக்கு. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. தம்பிகள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தால்தான் லாபம் என்று வெளியாள் யாரோ போட்ட விலைப்பட்டியலே சொல்கிறது என்றால் சும்மாவா?

சின்னச் சின்ன சந்தேகங்கள் பாக்கி இருந்தன. மறுபடியும் போன் செய்தாள். மாதத்தில் ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறவன் ஒரு தலையா, முப்பதில் ஒரு பங்குத் தலையா? ("ஒரு நாள் வந்தாலும் முழுத் தலைதான் அக்கா.") பாதி மாதத்தில் முடிந்துபோகும் சைட்டுக்கு முழு ஆயிரமா? ("ஆமா அக்கா, அதுல மட்டும் நாங்க கொஞ்சம் மோசம்.") அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறவருக்கும் காசு உண்டா?

"நிர்வாகி ஒருத்தருக்கு இலவசம். ரெண்டாவது ஆளுக்குத்தான் காசு. ஆமா அக்கா, நானே கேக்கணும்னு இருந்தேன். வருஷக் கணக்குன்னா ரெண்டு கம்பெனிக்கும் சேர்த்துப் போட முடியாது. தனித்தனியாத்தான் கட்டணும். உங்களை எந்தக் கம்பெனியில நிர்வாகியா போடட்டும்?"

"எந்த ரெண்டு கம்பெனி?"

"போன வாரம் சார் பேசினாரே. உங்க அட்ரஸ்தான் குடுத்தார், கம்பெனி பேர் மட்டும் வேற. இருபது பேர், ஆள் கணக்குன்னு விலை கேட்டார். நீங்க அவங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன்..." அவள் குரல் தேய்ந்தது. தப்பான கதவைத் திறந்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று.

"பரவாயில்லம்மா" என்றாள் அக்கா. "நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

போனை வைத்தாள். இருபது பேர், ஆள் கணக்கு என்றால் அது சின்னவன்தான். கோபம் வரவில்லை. வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதம் இவ்வளவு சாதுவாக, விலை விசாரித்துக்கொண்டு, ஆள் கணக்கில் கிளம்பும் என்று அவள் நினைத்ததில்லை. மாடியில் பெரியவன் மனைவி துணி உலர்த்துகிற சத்தம் கேட்டது. உதறல், நிறுத்தம், உதறல். சின்னவன் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போனபோது, இடம் போதவில்லை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். இடம் போதாதது உண்மைதான். அதனால்தான் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் சின்னவனுடைய சைட்டுக்குப் போனாள். ஒரு கடையின் உட்புறம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் டைல் அறுக்கிற இயந்திரத்தின் கூச்சலும் வெள்ளைத் தூசியும். அவளைப் பார்த்ததும் சின்னவன் கையை உயர்த்தினான். கூச்சல் நின்றது. அவள் சைட்டுக்கு வருகிறவள் இல்லை. வந்திருக்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஒரு டைல் பெட்டியைத் துடைத்து அவளுக்குப் போட்டான்.

"அந்த ஆப் கம்பெனிப் பொண்ணு சொல்லிட்டாளா?"

"அவ சொல்லலை. நான் கேட்டேன், வந்து விழுந்துடுச்சு."

அவன் தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு உடைந்த டைல் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன் அக்கா. எப்பச் சொல்லப் பாத்தாலும் அது தப்பான நேரமாவே இருந்துச்சு. அண்ணன் கான்கிரீட் போடுற வாரம் சொல்ல முடியாது. போட்டு முடிச்ச வாரம் அவரு சந்தோஷமா இருப்பாரு, அதைக் கெடுக்க மனசு வராது."

"அவன் உனக்கு என்னடா கொறை வெச்சான்?"

"ஒரு கொறையும் வெக்கலை. கேட்டா எல்லாம் குடுப்பாரு. ஆனா கேக்கணும்." துண்டைக் கீழே வைத்தான். "பசை வாங்கணும்னா கேக்கணும். ஆளுக்கு அட்வான்ஸ்னா கேக்கணும். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு உடனே குடுத்துடுவாரு. அந்த ஒரு வார்த்தைதான் அக்கா. எனக்கு முடி நரைக்க ஆரம்பிச்சாச்சு."

அந்த ஒரு வார்த்தையை அக்கா அறிவாள். அவளுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு என்ன சம்பளம்? வேண்டும் என்றால் பெரியவனைக் கேட்பாள்; அவன் கொடுப்பான். செருப்புக்குக் கேட்டிருக்கிறாள், கண்ணாடிக்குக் கேட்டிருக்கிறாள். எதுக்கு என்று அவளிடம் அவன் கேட்டதே இல்லை. அப்படியும் ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு முன்னாலேயே அவள் காரணத்தைச் சொல்லிவிடுவாள்.

"நீ என்கூட வந்துடு அக்கா" என்றான் சின்னவன் திடீரென்று. "நீ இல்லாம எனக்குக் கணக்கு ஓடாது. ரூம் ஒண்ணு ஒழிச்சுத் தர்றேன்."

அவன் அன்போடுதான் சொன்னான். ஒழித்துத் தருகிற அந்த அறையைக்கூட அவளால் பார்க்க முடிந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை; மேஜைக்குப் பின்னால் அவள்.

அன்று சாயங்காலம் பெரியவன் சைட்டிலிருந்து நேராக முன்னறைக்கு வந்தான். சட்டைப் பையில் அளவு நாடா, காதில் பென்சில். எதிரே உட்கார்ந்து, "அந்த சாஃப்ட்வேர் என்னாச்சு?" என்றான்.

அவள் மூன்று விலையையும் சொன்னாள். எது யாருக்கு எப்படி என்று சொன்னாள். சின்னவனுடைய சங்கதியை எப்படித் தொடங்குவது என்று அவள் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, "வருஷக் கணக்குக்கே கட்டிடு" என்று அவன் எழுந்தான்.

"ஏன்டா? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?"

"என்ன யோசனை? மொத்தமா கட்டிட்டா, ஒரு வருஷத்துக்காவது இருப்பான்ல?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"பில் அடிக்கிற பிரஸ்காரர் போன் பண்ணினாரு. உங்க புதுக் கம்பெனி லெட்டர்பேட் நீல எழுத்தா, சிவப்பு எழுத்தான்னு. நம்ம பிரஸ்லயே குடுத்திருக்கான் பாரு." லேசாகச் சிரித்தான். "திருட்டுத்தனம் பண்ணக்கூடத் தெரியலை. ரெண்டு மாசமா அவனா சொல்லட்டும்னு இருக்கேன்."

"நீ கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவான்."

வாசல்வரை போனவன் திரும்பி, "அவன் போனாலும் நீ இங்கதானே இருக்கப் போற" என்றான். அதில் கேள்விக்குறி இல்லை. அவள் பதிலுக்காக அவன் நிற்கவும் இல்லை.

அடுத்த இரண்டு நாட்கள் அக்கா வழக்கம்போல வேலை பார்த்தாள். மணல் வந்தது, பார்த்து வாங்கினாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டான். தாயும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் நடுவில் இருக்கிற அக்காவைப் பற்றி அவனும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவனுக்கு வருடக் கட்டணம் ஒரு கயிறு. சின்னவனுக்கு மாதக் கட்டணம் ஒரு கதவு. அவளுக்கு? பெரியவன் பக்கம் நின்றால் சின்னவன் கணக்குத் தெரியாமல் தடுமாறுவான். சின்னவன் பக்கம் போனால் பெரியவன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான், சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வான். ஆனால் உள்ளே உறுத்தியது அது இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பேருமே அவளைக் கேட்டார்கள், இரண்டு பேருமே விலையைக் கேட்கவில்லை. அறுபது பேருக்கு ஆள் வாரியாக எண்பது, சைட் வாரியாக ஆயிரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவளுக்கு, அந்த அறுபதில் தான் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிர்வாகி ஒருத்தருக்கு இலவசம்.

மூன்றாவது முறையாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நான் ஏதாவது தப்பா..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நல்லதுதான் பண்ணே. இப்ப ஒண்ணு கேக்கறேன். ரெண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஒரே ஆள், எந்தக் கம்பெனியிலயும் இல்லாம, வெளியில இருந்து பாத்துக்கறதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கே அக்கா! அப்படி நெறைய பேர் பண்றாங்க. கணக்கை உங்க பேர்ல ஆரம்பிப்போம். உங்களுக்குக் கீழ எத்தனை கம்பெனி வேணும்னாலும் சேர்க்கலாம். எல்லா ஆளையும் மொத்தமா எண்ணிச் சலுகை விலை போடுவோம், ஆளுக்கு நாப்பதுதான் வரும். நீங்க அவங்ககிட்ட என்ன வாங்கறீங்கங்கறது உங்க இஷ்டம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க பேர் என்னன்னு போடட்டும் அக்கா?" என்றாள்.

அக்கா தன் பெயரைச் சொன்னாள். நீண்ட நாள் போடாத செருப்பைப் போட்டதுபோல அது முதலில் கொஞ்சம் கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவன் சாப்பிட வந்தான். சாப்பாடு முடிந்து, கை கழுவி, மனைவிமார் இரண்டு பேரும் பிள்ளைகளோடு மாடிக்குப் போன பிறகு, அக்கா தம்பிகளை முன்னறைக்குக் கூப்பிட்டாள். மேஜைக்குப் பின்னால் உட்காராமல், ஒரு நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். அதுவே அவர்களுக்கு என்னவோ போலிருந்தது.

"ஆப் விஷயம் முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி, சின்னவனே, நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிடு."

சின்னவன் தரையைப் பார்த்தான். "அண்ணா, நான் வந்து..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் வார்த்தை வராமல் நிறுத்தினான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நீல எழுத்துலயே போடு" என்றான் பெரியவன். "சிவப்பு நல்லா இருக்காது. கடன்காரன் நோட்டீஸ் மாதிரி இருக்கும்."

சின்னவன் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தான். பிறகு முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். வேர்வையைத் துடைக்கிறவன்போலத்தான் துடைத்தான். பெரியவன் காதில் இல்லாத பென்சிலைத் தேடினான்.

கொஞ்சம் பொறுத்து அக்கா சொன்னாள்: "சரி. ரெண்டு கம்பெனி. நான் ரெண்டுலயும் இல்லை. கணக்கை என் பேர்ல ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு பேர் ஆளுங்க நேரத்தையும் நான் பாத்துக்கறேன், கூலிக் கணக்கு போட்டுத் தர்றேன். ஆள் கணக்கு. ஒரு ஆளுக்கு மாசம் நூத்தம்பது. ஆப் காசு அதுலயே அடக்கம்."

"யாருக்கு நூத்தம்பது?" என்றான் பெரியவன்.

"எனக்கு."

"அக்கா..." பெரியவன் குரல் உடைந்ததுபோல இருந்தது. "நமக்குள்ள எதுக்கு அக்கா காசு?"

"நமக்குள்ள இத்தனை வருஷம் காசில்லாமத்தான்டா பார்த்தேன். ஒரு கொறையும் இல்லை. ஆனா ஒரு செருப்பு வாங்கினா, பழசு அறுந்துபோச்சுன்னு உன்கிட்ட காட்டிட்டுத்தான் வாங்கினேன்."

"நான் எப்ப அக்கா கேட்டேன்?"

"நீ கேக்கலை. நான்தான் காட்டினேன்."

பெரியவன் முகத்தில் வலி தெரிந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் வலித்தது. எடுத்த சொல்லைத் திரும்ப வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வைக்கவில்லை.

"மாசக் கணக்குதான்" என்று தொடர்ந்தாள். "ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டு நீங்களும் நிறுத்திக்கலாம், நானும் நிறுத்திக்கலாம்."

"எனக்குச் சம்மதம்" என்றான் சின்னவன் உடனே.

"உனக்கு என்னடா, இருபது பேர்" என்றான் பெரியவன். "எனக்கு நாப்பது பேர். ஆறாயிரம் ஆகுது." அவன் விரல்கள் முழங்காலின் மேல் தாளம் போட ஆரம்பித்தன. அந்தத் தாளம் அக்காவுக்குத் தெரியும். செங்கல் சூளைக்காரனிடமும் மரக்கடைக்காரனிடமும் பேசும்போது போடுகிற தாளம். "சைட் கணக்குல போட்டா என்ன அக்கா? ஒரு சைட்டுக்கு இவ்வளவுன்னு. எனக்கு ஒரே சைட்டுதானே?"

"உனக்கு அதுதான் லாபம்னு எனக்குத் தெரியாதா?"

"நாலாயிரம்."

"ஆள் கணக்குதான் பெரியவனே."

"அஞ்சு வெச்சுக்கோ. தம்பிக்காக."

"ரெண்டு பேருமே தம்பிதான். அஞ்சரை. மேஸ்திரி மச்சானை எண்ணிக்கையிலேர்ந்து எடுத்துட்டா உனக்கே மிச்சமாகும்."

சின்னவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பெரியவன் அவனை முறைத்தான். முறைத்துக்கொண்டே இருந்தவன் மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டான். அது சிரிப்பா, வேறொன்றா என்று சொல்ல முடியாது. எழுந்து போகும்போது அவன் அக்காவின் நாற்காலி முதுகில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் பிரிப்பதிலேயே போயின. சாரக் கம்பிகள், கலவை இயந்திரம், நம்பிக்கையான கொத்தனார்கள். கொத்தனார்களைப் பிரிப்பதுதான் கடினமாக இருந்தது. கேட்டால் எல்லோரும் அக்காவிடமே இருக்கிறோம் என்றார்கள். ஒரு நாள் பெரியவன் சாப்பாட்டுக்கு வராமல் இருந்தான். இன்னொரு நாள் சின்னவன் போனில் கத்திவிட்டு மன்னிப்புக் கேட்டான். பெரியவன் மாதம் பிறந்ததும் அவள் கணக்கில் பணம் போட்டான். ஆனால் நேரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா ஒரு செருப்பு வாங்கினாள். பழையது நன்றாகத்தான் இருந்தது.

துணிக்கடை வேலை ஆரம்பிக்கிற காலையில், ஆட்களுக்கு ஆப்பைப் பழக்குவதற்காக அவள் சின்னவனுடைய புதிய சைட்டுக்குப் போனாள். வாசல் தூணில், முகம் மட்டத்துக்கு ஒரு போனைப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே வருகிறவன் அதன் முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். திரையில் ஒரு பச்சை வட்டம் முகத்தைச் சுற்றி விழும். பெயர் வரும், நேரம் ஏறும். ஆட்கள் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் முன்னே தள்ளினார்கள். யாருக்கும் முதலில் போகத் துணிவில்லை. ஒரு கொத்தனார் தலையை வாரிக்கொண்டார்.

"நான் காட்டறேன், பாருங்க" என்று சின்னவன் போய் நின்றான்.

அப்போதுதான் அக்கா பார்த்தாள், தெருவில் பெரியவனுடைய வண்டி நின்றிருந்தது. அவன் இறங்கி வந்தான். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்று யாரிடமோ சொன்னான். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். முகப்பைப் பார்த்தான், தூணைத் தட்டிப் பார்த்தான், மேலே ஒழுங்கில்லாமல் போயிருந்த ஒரு பூச்சை உதட்டைப் பிதுக்கிப் பார்த்தான். பிறகு, எந்தக் கருவியைக் கண்டாலும் கிட்டப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாதவன் என்பதால், தம்பிக்குப் பின்னால் வந்து நின்று, அவன் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தான்.

திரையில் இரண்டு முகங்கள். அப்பாவிடமிருந்து வந்த அதே நெற்றி, அதே மூக்கு, ஒன்றில் நரை கொஞ்சம் கூட. 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நிற்கவும்' என்று கீழே ஒரு வரி ஓடியது. சின்னவன் நகரவில்லை. பெரியவன் அதைப் படிக்கவில்லை, கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. பச்சை வட்டம் முன்னால் இருந்த முகத்தின் மேல் விழுந்தது, தாவிப் பின்னால் இருந்த முகத்துக்குப் போனது, மறுபடி முன்னால் வந்தது. எதிலும் நிற்காமல் இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது.